நகைக்கடன் வட்டியைத் தேடினால் போன் ஏன் ஓயாமல் அடிக்கிறது? இணையத் தேடலில் அந்தரங்கம் காக்க ஒரு வழிகாட்டி

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உட்கார்ந்து 'நகைக்கடன் வட்டி எவ்வளவு' என்று போனில் ஒருமுறை தேடினால் போதும். சாயங்காலத்துக்குள் யூடியூபில் அடகு விளம்பரம் ஓட ஆரம்பிக்கும். மறுநாள் 'சார், லோன் வேணுங்களா' என்று அழைப்பு வந்தாலும் வரும். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விளம்பரம், தேடுபொறி உங்கள் கணக்கில் சேர்த்து வைத்த குறிப்பிலிருந்து வருகிறது. அழைப்புக்குப் பெரும்பாலும் காரணம், தேடல் முடிவைத் தொட்டு உள்ளே போன பிறகு 'உங்கள் தகுதியை அறிய மொபைல் எண்ணைத் தாருங்கள்' என்று கேட்ட பக்கம். எண்ணைத் தட்டிக் கொடுத்தது நாம்தான்.

ஒரு தேடலின் தடம் நான்கு இடங்களில் தங்குகிறது: போனில் உள்ள பிரவுசர் (குரோம் போல இணையம் பார்க்கும் ஆப்), கூகுள் கணக்கு, நெட் தரும் நிறுவனம், நீங்கள் திறந்து பார்த்த இணையதளம். ஒன்றைத் துடைத்தால் மற்ற மூன்றும் அப்படியே இருக்கும். பிரவுசர் ஹிஸ்டரியை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம். எதில் பலன் அதிகமோ அதை முன்னால் வைத்துக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நேரமில்லாதவர்கள் முதல் மூன்றை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

செலவு என்று பார்த்தால் ஒரு பைசா இல்லை, ஆறாவது படியில் விருப்பப்பட்டால் தவிர. கூகுள் கணக்கின் கடவுச்சொல் கைவசம் இருந்தால் ஒரு மணி நேர வேலை. இல்லாவிட்டால் அரை நாள் ஒதுக்குங்கள்.

1. முதலில் கணக்கு உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்

நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஜிமெயில் திறந்து கொடுத்தது போன் வாங்கிய கடைத் தம்பிதான். கடவுச்சொல் என்ன என்று அவருக்கும் நினைவிருக்காது, வாங்கியவருக்கும் தெரியாது. அது தெரியாமல் அடுத்த படிகளில் பாதி நகராது.

போனில் செட்டிங்ஸ், அதில் கூகுள், அதில் 'மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுன்ட்', பிறகு செக்யூரிட்டி என்று போங்கள். கடவுச்சொல்லை மாற்றும் இடத்தில் பழையதைக் கேட்டால் 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' தொடுங்கள். அதே போனில் கணக்கு ஏற்கெனவே திறந்திருப்பதால், திரைப் பூட்டையோ எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணையோ கேட்டுவிட்டுப் புதிதாக வைக்க விடும்.

அதே பக்கத்தில் 'ரெக்கவரி போன்' என்று ஒரு வரி இருக்கும். அதில் இருப்பது உங்கள் இப்போதைய எண்தானா? கடை எண்ணாக இருக்கலாம். ரீசார்ஜ் போடாமல் விட்ட உங்கள் பழைய எண்ணாகவும் இருக்கலாம். விட்ட எண்ணை நிறுவனங்கள் கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்போது உங்கள் கணக்கின் சாவி முன்பின் தெரியாத ஒருவர் பையில் இருக்கும். இன்றே மாற்றுங்கள்.

ஒரே ஜிமெயிலை வீட்டில் மூன்று போனில் போட்டிருந்தால், மகன் தேடியது அப்பா போனிலும் அப்பா தேடியது மகன் போனிலும் தெரியும். ஆளுக்கொரு கணக்கு வேண்டும். பல குடும்பங்களில் சண்டை வருவது கூகுளால் அல்ல, இதனால்தான்.

2. கணக்கில் சேர்ந்ததை அழித்து, இனிச் சேராமல் நிறுத்துங்கள்

அதே 'மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுன்ட்' பக்கத்தில் 'டேட்டா அண்ட் ப்ரைவசி' பகுதிக்குப் போனால் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்று இருக்கும். போன் மொழி தமிழில் இருந்தால் பெயர் வேறாகத் தெரியும், சில அப்டேட்டுகளுக்குப் பிறகு வரிசையும் மாறும். தேடினால் கிடைத்துவிடும்.

இங்கே இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன. பலரும் ஒன்றைச் செய்துவிட்டு இரண்டும் முடிந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். 'டர்ன் ஆஃப்' கொடுத்தால் இனிமேல் சேர்வது நிற்கும், பழையது அப்படியே இருக்கும். பழையதை மட்டும் அழித்தால் நாளையிலிருந்து திரும்பச் சேர ஆரம்பிக்கும். 'டர்ன் ஆஃப் அண்ட் டெலீட்' என்று சேர்ந்தே வரும் வாய்ப்பைத் தொடுங்கள்.

முழுதாக நிறுத்த மனமில்லை, பழைய தேடல் சில நேரம் தேவைப்படுகிறது என்றால், 'ஆட்டோ டெலீட்' வைக்கலாம். 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று மூன்று கெடு காட்டும். 3 மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுமே தொடாமல் விட்ட பழைய கணக்குகளில் வருடக்கணக்கான தேடல் கிடக்கலாம். ஒருமுறை கீழே வரை தள்ளிப் பாருங்கள், என்னென்ன கேட்டிருக்கிறோம் என்று நமக்கே தூக்கிவாரிப் போடும்.

அதே பக்கத்தில் இன்னும் சில:

- யூடியூப் ஹிஸ்டரி தனி. மேலே அணைத்தது இதை அணைக்காது.
- 'டைம்லைன்' தனி. எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தீர்கள் என்பது அதில் இருக்கும்.
- 'இன்க்ளூட் வாய்ஸ் அண்ட் ஆடியோ' டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். தமிழில் பேசியே தேடுபவர்களுக்கு இது முக்கியம், குரலே பதிவாகும்.
- 'மை ஆட் சென்டர்' போய்ப் பெர்சனலைஸ்டு விளம்பரத்தை அணையுங்கள். விளம்பரத்தின் எண்ணிக்கை குறையாது. உங்களைக் குறிவைத்து வருவதுதான் குறையும்.

அழித்த உடனே உங்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால் கூகுளின் கணினிகளிலிருந்து முழுதாகப் போக சுமார் 2 மாதம் ஆகும் என்றும், காப்பு நகல்களில் 6 மாதம் வரை இருக்கலாம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். எதையாவது சேமித்து வைக்க வேண்டுமானால் அழிக்கும் முன் 'டேக்அவுட்' (உங்கள் தரவின் நகலைக் கூகுளே தரும் வசதி) மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறக்கும் இணைப்பு ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும்.

3. எல்லாவற்றுக்கும் ஒரே தேடுபொறி வேண்டாம்

இங்கே ஒரு கருத்தைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தேடலையும் மறைக்கப் பார்த்தால் நான்கே நாளில் அலுத்துப்போய்ப் பழையபடி ஆகிவிடும். மேட்டூர் நீர்மட்டம், மயிலாடுதுறை ரயில் நேரம், கல்லணையில் எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கூகுளுக்குத் தெரிந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நோய், கடன், வழக்கு, குடும்பத் தகராறு, வரன் விசாரணை, வேலை மாறும் யோசனை: இவற்றை மட்டும் வேறு இடத்தில் தேடுங்கள்.

மூன்று பெயர்கள் போதும். டக்டக்கோ, உங்கள் தேடலை உங்கள் பெயரோடு சேர்த்து வைப்பதில்லை. முடிவுகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருகின்றன. ஸ்டார்ட்பேஜ், நெதர்லாந்தைச் சேர்ந்தது; கூகுள், பிங் போன்றவற்றின் முடிவுகளை வாங்கி, நீங்கள் யார் என்று சொல்லாமல் காட்டும். பிரேவ் சர்ச் தனக்கென்று சொந்தப் பட்டியல் வைத்திருக்கிறது. தமிழில் தட்டித் தேடினால் டக்டக்கோவில் முடிவு சற்று மெலிந்துதான் இருக்கும். தமிழ்த் தேடலுக்கு ஸ்டார்ட்பேஜை முதலில் பாருங்கள். 'பக்கத்தில் உள்ள மருந்துக்கடை' மாதிரித் தேடலுக்கு இவை எதுவும் கூகுளுக்கு ஈடாகாது.

இனி, மாற்றும்போது சறுக்கும் இடங்கள். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'சர்ச் எஞ்சின்' என்று போய் டக்டக்கோவைத் தேர்ந்தெடுத்தால் மாறிவிட்டதுபோலத்தான் தெரியும். ஆனால்:

அ. முகப்புத் திரையில் உள்ள கூகுள் பட்டை மாறாது. அதில் தட்டினால் பழையபடி கூகுளுக்கே போகும். பல போன்களில் அதை அழுத்திப் பிடித்து நீக்கலாம்.

ஆ. குரோமில் சிங்க் (பிரவுசரில் உள்ளதைக் கூகுள் கணக்கோடு இணைத்து வைக்கும் வசதி) போட்டிருந்தால், டக்டக்கோவில் தேடித் திறந்த பக்கங்களின் பட்டியலும் உங்கள் கூகுள் கணக்குக்குப் போய்ச் சேரும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். அதனால் தேடுபொறியை மட்டும் மாற்றாமல் பிரவுசரையே தனியாக வையுங்கள். ஃபயர்பாக்ஸ், பிரேவ், அல்லது டக்டக்கோவின் சொந்த ஆப்; எல்லாம் பிளே ஸ்டோரில் இலவசம். டக்டக்கோ ஆப்பில் தீ படம் போட்ட பட்டன் இருக்கும், ஒரு தொடுதலில் திறந்த பக்கங்கள் எல்லாம் போய்விடும்.

இ. வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொட்டால் குரோமில்தான் திறக்கும். செட்டிங்ஸ், ஆப்ஸ், 'டிஃபால்ட் ஆப்ஸ்', பிரவுசர் என்று போய் மாற்றுங்கள்.

ஈ. டக்டக்கோவில் ஆச்சரியக்குறியும் ஆங்கில ஜி எழுத்தும் போட்டுத் தேடினால் கூகுளில் முடிவு காட்டும் என்று சிலர் சொல்லித் தருவார்கள். காட்டும்தான். ஆனால் அது உங்களைக் கூகுளுக்கே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுகிறது, பாதுகாப்பு அத்தோடு முடிந்தது.

உ. தேடல் பெட்டியில் தட்டத் தட்டக் கீழே யோசனை வருகிறதே, அதற்காக நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அப்போதே அனுப்பப்படுகிறது. 'தேடு' பட்டனை அழுத்தாமல் அழித்துவிட்டாலும் போனது போனதுதான். வங்கிக் கணக்கு எண்ணை நகலெடுத்துத் தவறாக முகவரிப் பட்டையில் ஒட்டினால் அதுவும் தேடலாகப் போகும். 'சர்ச் சஜஷன்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள்.

4. இன்காக்னிட்டோ எதற்கு, எதற்கு இல்லை

இன்காக்னிட்டோ என்பது பிரவுசரில் ஹிஸ்டரி சேராமல் திறக்கும் தனிப் பக்கம். அதன் தொப்பிக் கண்ணாடி முத்திரையைப் பார்த்து, காதும் காதும் வைத்தாற்போல் வேலை முடிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அது மறைப்பது அதே போனை அடுத்து எடுப்பவரிடமிருந்து மட்டும். நெட் நிறுவனத்துக்கோ, அலுவலக வைஃபைக்காரருக்கோ, திறந்த இணையதளத்துக்கோ அது ஒன்றையும் மறைப்பதில்லை. இன்காக்னிட்டோவுக்குள் போய் ஜிமெயிலைத் திறந்தால் அதற்குப் பிறகான தேடல் அந்தக் கணக்கில் ஏறலாம். இறக்கிய கோப்பும் போனில் அப்படியே இருக்கும். வீட்டில் ஒரே போனைப் பலர் பயன்படுத்தினால் மட்டும் இது உதவும். முடிந்ததும் எல்லா டேபையும் மூடுங்கள்.

5. நெட் சென்டரிலும் இ-சேவை மையத்திலும்

டெல்டாவில் அந்தரங்கம் அதிகம் கசியும் இடம் இதுதான். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கெடு. கடைசி மூன்று நாள் மையங்களில் நிற்க இடமிருக்காது. ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், சிட்டா, விஏஓ கொடுத்த அடங்கல் என்று எல்லாவற்றையும் கடைக்காரர் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிட்டு வருகிறோம். அவை அந்தக் கணினியின் 'டவுன்லோட்ஸ்' போல்டரில் மாதக்கணக்கில் கிடக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் யார் என்று அவருக்கும் தெரியாது.

முடிந்தால் அக்டோபர் கடைசியிலேயே, கூட்டமில்லாத மதிய வேளையில் போங்கள். போகும்போது:

- காகித நகலை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொண்டு போங்கள். ஸ்கேன் செய்வார்கள், முடிந்ததும் அழிக்கச் சொல்லலாம். பென்டிரைவைவிட இதுவே மேல். பென்டிரைவில் போகும்போது நாலு கோப்பு இருந்தால் வரும்போது வைரஸோடு ஐந்தாக வரும்.
- ஆதாரை அடையாளத்துக்கு மட்டும் கேட்கும் இடங்களில், கடைசி 4 எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். ஆதார் இணையதளத்தில் இலவசமாக இறக்கலாம், பதிவு செய்த போனுக்கு ஓடிபி வரும். காப்பீட்டுப் படிவத்தில் முழு எண் தேவைப்படும், அங்கே இது செல்லாது.
- விண்ணப்பத்தில் மொபைல் எண் கட்டத்தில் என்ன அடிக்கிறார் என்று கண்ணால் பாருங்கள். அவசரத்தில் கடை எண்ணையே போட்டுவிட்டால், இழப்பீடு பற்றிய குறுஞ்செய்தி எல்லாம் அவருக்குத்தான் போகும். ஒப்புகைச் சீட்டில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

நீங்களே கணினியில் உட்கார்ந்தால் குரோமின் வலது மேல் மூலையைப் பாருங்கள். கடைக்காரர் படமோ வேறு யாருடைய படமோ தெரிந்தால், அதில் தேடுவதெல்லாம் அவர் கணக்கில் சேரலாம். அந்தப் படத்தைத் தொட்டு 'கெஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கெஸ்ட் இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி இன்காக்னிட்டோ. 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா' என்று கேட்டால் வேண்டாம்.

எழும் முன் டவுன்லோட்ஸில் உங்கள் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் டெலீட் குப்பைத் தொட்டிக்குத்தான் அனுப்பும். வாட்ஸ்அப்பில் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தால் செய்தி மறையும், கணினியில் இறக்கிய நகல் மறையாது. வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் உங்கள் போனில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் வெளியேற்றுங்கள். ஜிமெயிலை மூட மறந்து வீட்டுக்கு வந்துவிட்டாலும் பதற வேண்டாம்: போனில் கூகுள் கணக்கு, செக்யூரிட்டி, 'யுவர் டிவைசஸ்' போய் அந்தக் கணினியை 'சைன் அவுட்' செய்யலாம்.

6. நெட் நிறுவனமும் விபிஎன்னும்

முகவரி 'https' என்று தொடங்கும் தளங்களில் நீங்கள் என்ன சொல் தேடினீர்கள் என்பது நெட் நிறுவனத்துக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். அதைக் கொஞ்சம் மூட, ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேற்பட்ட போன்களில் நெட்வொர்க் செட்டிங்ஸில் 'ப்ரைவேட் டிஎன்எஸ்' (எந்தத் தளம் வேண்டும் என்று போன் கேட்பதை மறைத்து அனுப்பும் வசதி) இருக்கும். 'ஹோஸ்ட்நேம்' கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒன் என்ற சொல்லை நான்கு முறை, இடையில் புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அடித்துச் சேமியுங்கள். அது கிளவுட்ஃபிளேர் தரும் இலவசச் சேவை. முழு மறைப்பு என்று சொல்ல முடியாது, பாதி மூடும். ரயில் நிலைய வைஃபை போல உள்நுழைவுப் பக்கம் கேட்கும் இடங்களில் நெட் வராமல் நின்றுபோகும். அப்போது மட்டும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிவிட்டு, பிறகு திருப்பி வையுங்கள்.

விபிஎன் என்பது உங்கள் நெட் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக மறைத்து அனுப்பும் சேவை. அது பெரும்பாலோருக்குத் தேவையில்லை. பெயர் தெரியாத இலவச விபிஎன் போடுவதைவிடப் போடாமல் இருப்பது நல்லது: நெட் நிறுவனத்துக்குத் தெரிந்தது இப்போது அந்த முகம் தெரியாதவருக்குத் தெரியும், அவ்வளவே. இந்தியாவில் விபிஎன் சேவை தருபவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் உத்தரவு போட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். வேண்டியே தீரும் என்றால் புரோட்டான் இலவசத் திட்டம், அல்லது மாதம் 5 யூரோ வாங்கும் முல்வாட்.

7. முடிவைத் தொட்ட பிறகு

முதல் நான்கைந்து முடிவுகளில் 'ஸ்பான்சர்ட்' என்று சிறிதாக எழுதியிருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். பட்டா, சிட்டா, வருமானச் சான்று என்று தேடும்போது அரசுத் தளம்போலவே ஜோடித்த தளங்களும் வரலாம். அரசு முகவரி 'கவ் டாட் இன்' அல்லது 'நிக் டாட் இன்' என்று முடிய வேண்டும். நடுவில் கவ் என்று இருந்து கடைசியில் வேறொன்று வந்தால் தள்ளிவிடுங்கள்.

வங்கி, கேஸ், கூரியர் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி எடுக்கவே எடுக்காதீர்கள். ஏடிஎம் கார்டின் பின்புறமும் பாஸ்புக்கிலும் கேஸ் புத்தகத்திலும் எண் இருக்கிறது. ஏமாந்து பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணத்தை முடக்க வாய்ப்பு.

வட்டி விகிதம் பார்க்க எந்தப் பக்கமாவது மொபைல் எண் கேட்டால் மூடிவிட்டு, கூட்டுறவு வங்கிக்கு நேரில் போய்க் கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் 1909-க்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட், இடைவெளி, 0 என்று எஸ்எம்எஸ் அனுப்பித் தொல்லை அழைப்பைத் தடுக்கப் பதியலாம். ஆனால் படிவத்தில் 'அழைக்கச் சம்மதம்' என்று நீங்கள் டிக் போட்ட நிறுவனத்தை இது தடுக்காது. அந்த டிக் பெரும்பாலும் அவர்களே போட்டு வைத்திருப்பார்கள்.

8. உங்கள் பெயரே தேடலில் வந்தால்

உங்கள் மொபைல் எண்ணை மேற்கோள் குறிக்குள் வைத்து, கணக்கில் உள்ளே வராமல், ஒருமுறை தேடுங்கள். பழைய விளம்பரம், சங்க உறுப்பினர் பட்டியல், யாரோ ஏற்றிய பிடிஎஃப் என்று ஏதாவது வந்தால் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். முதலில் அந்தத் தளத்துக்காரரிடம், எடுத்துவிடச் சொல்லி. பிறகு கூகுளின் தனிப்பட்ட தகவல் நீக்கும் படிவத்தில். அதற்குத் தேவை: அந்தப் பக்கத்தின் முழு முகவரி, என்ன தேடியபோது வந்தது, எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட். கட்டணம் கிடையாது. பதில் மின்னஞ்சலில் வரும், ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

கூகுள் நீக்கினால் தேடலில் வராது, அவ்வளவுதான். பக்கம் அங்கேயே இருக்கும், பிங்கில் வரும். தளத்துக்காரர் எடுத்த பிறகும் கூகுளில் பழையது தெரிந்தால் 'அவுட்டேட்டட் கன்டென்ட்' என்ற வேறு படிவம் இருக்கிறது. அரசுத் தளத்தில் உள்ள பயனாளிகள் பட்டியலைக் கூகுள் பொதுவாக நீக்காது. அதை வெளியிட்ட அலுவலகத்துக்கே, பக்க முகவரியை எழுதி, எண்ணை மட்டும் மறைக்கக் கோரி மனு கொடுங்கள், ஒப்புதல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.